நூறு நாட் காவலும் இருபத்தொரு நாள் லீவும்

கடந்த ஒன்றரை ஆண்டுக்கு மேலாக நான் மேடைகளிலே தோன்றுவதில்லை என்றும், வட்டாரக் கூட்டங்களுக்கு வருவதாக ஒப்புக்கொண்டு பின்னர் ஒரே வரியில் மறுத்துவிடுகின்றேன் என்றும், ஆகவே பொதுவாழ்வைத் துறந்துவிட்டேன் போலும் என்றும் நண்பர்கள் சிலர் பேசிக்கொள்வதாக அறிகின்றேன். அவர்களுள் ஒருவர், வயதிலே மூத்தவர், என் வீட்டுப் படலையில் நின்றுகொண்டு, "தம்பி, பெண்சாதிக்குச் சுகயீனம் என்றால் பார்க்க வேறு ஆளா இல்லை? மாமியார் இருக்கிறா, மைத்துனி இருக்கிறா. சனம் கிடந்து அல்லற்படும்போது நீர் அடுப்படியிலே கஞ்சி காய்ச்சிக்கொண்டு நிற்கிறீர்" என்று கேட்டே விட்டார். குற்றச்சாட்டு முறைப்படி வாசிக்கப்பட்டபடியால் எதிரி தன் வாக்குமூலத்தை அளிக்கக் கடமைப்பட்டவனாகின்றான். கஞ்சி காய்ச்சினேன் என்பதை ஏற்றுக்கொள்கின்றேன். அது அரசியலன்று என்பதை மறுக்கின்றேன்.

என் மனைவிக்கு வந்த நோய் வெண்குருதிப் புற்று. மருந்தினால் அஃது அடங்கிற்று. ஆனால் மீண்டும் தலைதூக்கும் வகையைச் சேர்ந்தது என்று கண்ட வைத்தியர்கள் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையே வழி என்றனர். இதனை ஊரிலே சொன்னவுடன் எல்லாரும் கேட்கும் முதற்கேள்வி, "எந்த இடத்திலே வெட்டினவை?" என்பது. வெட்டுவது ஒன்றுமில்லை. எலும்புக்குள்ளே குருதியை ஆக்கும் மச்சையைக் கடும் மருந்துகளாலும் சிலவேளை கதிர்வீச்சாலும் முதலில் அழித்துவிடுகின்றனர். பின்னர், பொருந்திய ஒருவரின் குருதியிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ எடுத்த மூலக் கலங்களைக் குருதி ஏற்றுவது போலவே குழாய்வழி ஏற்றுகின்றனர். அக்கலங்கள் தாமாகவே வழி கண்டு எலும்புக்குள்ளே சென்று குடியேறி, இரண்டு முதல் நான்கு வாரங்களிலே புதிய குருதியை ஆக்கத் தொடங்குகின்றன. கமக்காரருக்கு விளங்கச் சொல்வதானால், களையையும் பயிரையும் ஒருங்கே அழித்து வெறுமையாக்கிய நிலத்திலே அயலவன் தந்த விதையை விதைப்பது போன்றது இது. விதை முளைத்து வளரும்வரை அந்நிலத்துக்கு வேலி கிடையாது.

ஒரு தாய் தந்தைக்குப் பிறந்தவர்களுள்ளும் ஒருவர் மற்றவருக்கு முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. என் மனைவிக்குச் சகோதரர் மூவர். 1983க்குப் பின் எம்மவர் சிதறுண்ட கதை இங்கேயும் வந்து குறுக்கே நின்றது. ஒருவர் தொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் மாத்திரம் ஊரில். பொருந்தியவர் தொறன்ரோவில் இருந்தவர். (பாதி பொருந்தும் பெற்றோரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் பெற்றுச் செய்யும் முறை இக்காலத்திலே வளர்ந்திருக்கின்றது, ஆகையால் சகோதரர் பொருந்தவில்லை என்ற செய்தியோடு எவரும் மனந்தளர வேண்டியதில்லை.) மைத்துனரின் குருதியினம் வேறு, என் மனைவியின் குருதியினம் வேறு. இன்று அவருடைய உடம்பில் ஓடுவது தம்பியின் இனத்துக் குருதி. இனத் தூய்மை பேசுவோர் எப்பக்கத்தவராயினும் கவனிக்கத்தக்க செய்தி இது. பழைய வைத்தியசாலை அட்டையிலே முந்திய இனமே எழுதப்பட்டிருந்தபடியால், அந்த அட்டையை வெட்டிக் கீறிப் புதிய அட்டையைப் பெறுவதும் என் தலையிலே விழுந்தது. இத்தகைய நோயாளிக்குக் குருதி ஏற்றுவதாயின் கதிர்வீச்சு ஊட்டப்பட்ட குருதியையே ஏற்ற வேண்டும் என்பதையும் எந்த வாசலிலும் முதலிற் சொல்ல வேண்டியவன் உடன் செல்பவனே.

இச்சிகிச்சை மிகப் பழையதன்று. அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் தம் குழுவினருடன் ஆறு நோயாளருக்குச் செய்த முயற்சிகளை 1957இல் வெளியிட்டார். அறுவரில் எவரும் 100 நாளைக் கடந்து வாழவில்லை. அவர் கைவிடவில்லை, 1990இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆய்வுகூடத்திலே பல்லாண்டுகள் அவருடன் ஒன்றாக உழைத்த அவருடைய மனைவி டொறதியை இத்துறையினர் இச்சிகிச்சையின் தாய் என்றே அழைத்தனர். 1983இல் மும்பையிலும் 1986இல் வேலூரிலும் இது தொடங்கிற்று. இலங்கையிலும் இப்பொழுது செய்யப்படுகின்றது. நாம் பலாலியிலிருந்து விமானமேறித் தமிழ்நாட்டுக்குச் சென்றோம்.

தனியறையிலே ஐந்து வாரம் கழிந்தபின், வைத்தியசாலைக்கு அண்மையிலே ஒரு வாடகை அறைக்கு எம்மை அனுப்பினர். கலங்கள் ஏற்றிய நாளிலிருந்து 100 நாளும் வைத்தியசாலைக்குக் கூப்பிடு தூரத்திலே இருக்க வேண்டும் என்பது கட்டளை. அங்கேதான் நான் அறிந்துகொண்டேன், சிகிச்சையின் பாதி வைத்தியரின் கையிலும் பாதி உடனிருப்பவரின் கையிலும் இருக்கின்றது என்பதை. உடனிருப்பவர் ஒருவரைக் காட்டாவிட்டால் சிகிச்சையைத் தொடங்கவே பல வைத்தியசாலைகள் மறுத்துவிடுகின்றன. அது வீண் கண்டிப்பன்று. காலையும் மாலையும் உடற்சூட்டை அளந்து கொப்பியிலே குறித்தல் வேண்டும். புதிய மச்சை பழைய உடம்போடு போர் தொடுக்காதிருக்கக் கொடுக்கும் சைக்குளோஸ்போரின் மாத்திரையைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை தவறாது கொடுத்தல் வேண்டும். ஆனால் கிளினிக்குக்குச் செல்லும் நாளிலே, குருதியில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டியிருப்பதால், குருதி எடுக்கும்வரை காலை மாத்திரையைக் கொடுத்தல் கூடாது. உள்ளங்கையிலும் காதோரத்திலும் சிவப்புப் படர்கின்றதா, கண் மஞ்சளிக்கின்றதா, வயிற்றாலே போவது எத்தனை முறை, எவ்வளவு என்று பார்த்தல் வேண்டும். புதிய மச்சை உடம்பைத் தாக்குமாயின் தோலும் ஈரலும் குடலுமே முதலில் அடிபடுகின்றன. நெஞ்சிலே செருகிய குழாயைக் கிருமி அணுகாமற் காத்தல் வேண்டும். சூடு 38 பாகை செல்சியசைத் தொட்டால், பழைய கணக்கிலே 100.4, இரவு இரண்டு மணியானாலும் வைத்தியசாலைக்கு ஓடுதல் வேண்டும். அதற்கு முன் ஒரு பனடோலைப் போட்டுப் பார்ப்போம் என்ற எமது ஊர் வழக்கம் இங்கே உயிருக்கு உலை வைக்கும். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தடுக்காது.

தாதி ஒருவர் எட்டு மணித்தியாலம் வேலை செய்து, அடுத்தவரிடம் ஒப்புவித்துவிட்டு வீடு செல்கின்றார். இந்தக் காவலிலே ஒப்புவிப்பதற்கு ஆளில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கொழும்பிலேயோ யாழ்ப்பாணத்திலேயோ ஒரு கம்பனியிற் கணக்கெழுதும் எம்மவர் ஒருவரின் மனைவிக்கு இந்நோய் வந்தால் அவருக்கு என்ன உண்டு? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் தருகின்றது. கூட்டினால் 21. காவலோ 100 நாள். மிகுதி 79 நாளுக்கும் அவர் முதலாளியின் கருணையிலே தங்கியிருக்க வேண்டும். கருணை நல்ல பொருளே. எனினும் அதனை மன்றிலே கோர முடியாது. அரசாங்க உத்தியோகத்தருக்குத் தாபனக் கோவை லீவு வகையிலே கூடிய தாராளம் காட்டுகின்றது. ஆயினும் நோயுற்ற துணைவரைப் பராமரிப்பதற்கென்று தனியான லீவு அங்கும் வகுக்கப்படவில்லை. விசித்திரம் யாதெனில், இந்திய அரசாங்கம் எமது நோயாளிக்கு மருத்துவ விசா வழங்கும்போது, உடன் செல்வோர் இருவர் வரைக்கும் துணையாளர் விசா என்று தனியொரு விசாவும் வழங்குகின்றது. அந்நிய நாடு தன் வாசலிலே அங்கீகரிக்கும் ஒருவரை, அவருடைய சொந்த நாட்டின் தொழிற்சட்டம் அறியவேயில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் துணையாளர். உள்நாட்டு வரவுப் பதிவேட்டில் வேலைக்கு வராதவர்.

நாம் கேட்பது பெரிதன்று. விசேட வைத்தியரின் அத்தாட்சிப் பத்திரத்தின்மேல் 100 நாள்வரை லீவு. அக்காலத்திலே வேலை பறிபோகாது என்ற பாதுகாப்பு. சம்பளத்தின் ஒரு பகுதியேனும் ஏதாவதொரு நிதியத்திலிருந்து. முதலாளிமார் சங்கங்கள் எதிர்க்கும் என்பதை அறிவோம். பிரசவ லீவையும் ஒருகாலத்தில் முதலாளிமார் விருப்போடு கொடுக்கவில்லை.

கமக்காரருக்கு லீவு தருவார் யார்? வெங்காயம் லீவு கேட்டால் அழுகிவிடும். என் கட்சிக்காரர் ஒருவர், வலிகாமத்திலே வெங்காயமும் புகையிலையும் செய்பவர், இதே சிகிச்சைக்காகக் கடல் கடந்து சென்றார். மனைவி உடனிருந்தார். தோட்டத்தை அயலவர் இருவர் முறை வைத்து இறைத்துக் கொடுத்தனர். கிணற்றுக்கு இறைப்பு முறை வைத்துப் பழகிய ஊர், அதனை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பணம் முடிந்தபோதுதான் சட்டம் குறுக்கே வந்து நின்றது. விற்க இருந்தது மனைவியின் சீதனக் காணி. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியைத்தானும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாகவுரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. கணவனோ தனியறையிலே, வாயெல்லாம் புண்ணாகி, மருந்தினாற் கை நடுங்கப் பேனா பிடிக்க முடியாமற் கிடக்கின்றார். அவரைக் காப்பாற்ற அவளுடைய காணியை விற்பதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும்! குறித்த சில காரணங்களைக் காட்டி மாவட்ட நீதிமன்றின் அனுமதியைக் கோரலாம். மனு எடுத்து, தவணை வைத்து, கட்டளை பிறக்கும்வரை நோய் தவணை கொடுக்குமா? ஒருவாறு தூதரகத்தின் மூலம் பத்திரம் முடிந்து வருவதற்குள் ஆறு வாரம் சென்றது. இடையிலே அறாவட்டிக்குக் கடன் ஏறிற்று. ஆகவே கமக்காரருக்கு ஒரு நியாயவாதியாகச் சொல்கின்றேன்: விமானமேறுமுன் நொத்தாரிசிடம் செல்லுங்கள். சம்மதப் பத்திரத்தையும் அற்றோணித் தத்துவத்தையும் முடித்துப் பெட்டியிலே வைத்துக்கொண்டு செல்லுங்கள். அந்த விதியை நீக்குவது எமது சட்டவாக்க சபையினரின் வேலை. பெண்ணின் சொத்துரிமை பற்றி மேடையிலே பேசுவோர் இந்த ஒரு விதியையேனும் எடுத்துப் பார்க்கட்டும்.

நூறு நாளும் முடிந்து ஊர் திரும்பியபோது, ஊர் திரண்டு வந்தது. நோய் பார்க்கச் செல்வது எமக்குக் கடன். போகாதிருந்தால் தலைமுறைப் பகை. நெஸ்ரோமோல்ற் பேணிகளும் முந்திரிகைப் பழங்களும் மேசையை நிரப்பின. ஒருவர் தம் வளவிலே காய்த்த பம்பளிமாசைக் கொண்டுவந்தார். அது அந்த மருந்தின் அளவைக் குருதியிலே ஏற்றிவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குருதி எண்ணிக்கை தேறினாலும் எதிர்ப்புச் சக்தி திரும்புவதற்கு ஓராண்டும் செல்லலாம், அதற்கு மேலும் செல்லலாம். கூட்டம் ஆகாது. வைக்கோற் போரும் எருக்கும்பியும் கிளப்பும் பூஞ்சணத் தூள் நெஞ்சுக்குள்ளே புகுந்தால் மீட்பது அரிது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். உச்சி வெயில் தோலிலே அந்தப் பழைய போரைக் கிளறிவிடும். எங்கள் பசுவை அயல் வீட்டிலே கட்டினோம். படலையிலே நின்று வருவோரைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பெரும் சங்கடமாக இருந்தது. வாக்குக் கேட்டு அவர்களுடைய படலையைத் தட்டியவன் அல்லவா நான்? என்னை அந்தச் சங்கடத்திலிருந்து விடுவித்தவர் மாமியார். வைத்தியர் ஆங்கிலத்திலே சொன்னதையெல்லாம் நான் அரை மணித்தியாலம் மொழிபெயர்த்துச் சொன்னபின், "விளங்குது தம்பி. பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. இது ஒரு வருசத் துடக்கு. நான் சொல்லுறன் சனத்துக்கு" என்றார். சொன்னார். மறுநாளிலிருந்து சமைத்த சோறு மூடிய பாத்திரத்திலே சூட்டோடு படலைக்கு வந்தது. ஆட்கள் உள்ளே வரவில்லை.

மாமியார் ஒரு வாக்கியத்திலே செய்ததை எமது சுகாதாரத் திணைக்களம் ஒரு தாளிலே செய்திருக்கலாம். பின்னர் நாம் மாதாமாதம் சென்ற ஒரு கிளினிக்கிலே, அறிவுறுத்தல் தாள் ஆங்கிலத்திலும் மருந்துப் பை சிங்களத்திலும் இருந்தன. எனக்கு இரண்டும் வாசிக்க வரும். எனக்குப் பக்கத்து வாங்கிலே முல்லைத்தீவுக் கமக்காரர் ஒருவர் மனைவியுடன் இருந்தார். நாலாக மடித்த தாளை என்னிடம் நீட்டி, "ஐயா, இதிலே என்ன எழுதிக் கிடக்கு?" என்றார். காய்ச்சல் கண்டால் உடனே வரவும் என்று முதல் வரியிலேயே எழுதிக் கிடந்தது. அவருடைய மனைவிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பனடோல் கொடுத்துக்கொண்டு, கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருந்திருக்கின்றார். அன்றே அந்த அம்மாளை விடுதியிலே சேர்த்தனர். தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலே எழுதிவைத்தார்கள். அந்த எழுத்து அரசியலமைப்புப் புத்தகத்திலே இருக்கின்றது; கமக்காரரின் கையிலிருந்த தாளிலே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மானிப்பாயில் இருந்துகொண்டு வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே ஆக்கித் தமிழிலே மாணாக்கருக்குக் கற்பித்தார். உடற்கூற்று நூலையே தமிழிலே தந்த மண்ணில், காய்ச்சல் கண்டால் வா என்பதைத் தமிழிலே எழுத ஆளில்லை என்று எவர் கூறுவார்?

பிறரைச் சாடியது போதும். என்மேலும் ஒரு குற்றம் உண்டு. அதனை நானே மன்றிலே வைக்கின்றேன். ஐந்தாம் மாதத்திலே, மனைவி தேறி வருகின்றார் என்ற துணிவிலே, ஒரு கூட்டத்துக்குச் சென்றேன். பேசி இறங்கியபின் நூறு பேரின் கையைப் பற்றியிருப்பேன். குழந்தை ஒன்றைத் தூக்கித் தரச் சொல்லிப் படமும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கைகழுவினேன், உடுப்பு மாற்றினேன். மூன்றாம் நாள் எனக்குத் தும்மல். ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சலும் மூச்சுத் திணறலும். பதினொரு நாள் ஒட்சிசன் கொடுத்து வைத்திருந்தார்கள். எனக்கு அது வெறும் தடிமன். இரண்டு நாளில் மாறிவிட்டது. விடுதிக்கு வெளியே வாங்கிலே இருந்தபோது அந்தக் கூட்டத்திலே நான் என்ன பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு வாக்கியமும் நினைவுக்கு வரவில்லை. அன்று தொடங்கியதே, நண்பர்கள் குறிப்பிடும் எனது தலைமறைவு.

நான் நல்ல தாதியாக இருந்தேன் என்றும் எவரும் எண்ண வேண்டாம். தோலிலே சிவப்புப் படர்ந்தபோது கொடுத்த பிரெட்னிசலோன் மருந்து மனிதரின் குணத்தையே புரட்டிவிடும். நித்திரையின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை. அது மருந்தின் வேலை என்று அறிந்திருந்தும் நான் வாதாடினேன். சோற்றை மறுத்தால் ஏன் உண்ண வேண்டும் என்பதற்கு ஏழு நியாயம் அடுக்கினேன். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "இஞ்சாருங்கோ, நான் உங்கடை கட்சிக்காரி இல்லை. வழக்குப் பேசிக்கொண்டு எனக்குச் சோறு தீத்த வேண்டாம்" என்றார். கட்சிக்காரி என்பதை அவர் எந்தப் பொருளிலே சொன்னாரோ, இரண்டு பொருளிலும் அது சரியே. அதன்பின் பேச்சைக் குறைத்துத் தட்டை வைத்துவிட்டு அப்பாலே செல்லப் பழகினேன். சிலவேளை உண்டார். சிலவேளை உண்ணவில்லை, கொப்பியிலே அதையும் குறித்தேன்.

படலையிலே நின்று கேட்ட பெரியவரிடம் நான் அன்று கேட்காத கேள்வியொன்று உண்டு. நோய் எனக்கு வந்து, என் மனைவி தம் ஆசிரியப் பணியை விட்டுவிட்டு ஒன்றரை ஆண்டு என் அருகிலே இருந்திருந்தால், பாடசாலைப் பிள்ளைகள் கிடந்து அல்லற்படும்போது நீர் கஞ்சி காய்ச்சுகிறீரா என்று அவரைக் கேட்க எவரேனும் வந்திருப்பாரா? அது அவருடைய தருமம் என்று கூறிப் புகழ்ந்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் இழந்த சம்பளத்தையும் எவரும் கணக்கிட்டிருக்கமாட்டார்கள். எமது வீடுகளிலே இக்காவலைச் செய்து வருவோர் பெரும்பாலும் பெண்கள் என்பதாலேயே இதற்கு லீவு வேண்டும் என்ற எண்ணம் இவ்வளவு காலமும் எந்தத் தீர்மானத்திலும் இடம்பெறவில்லை என்பது என் துணிபு. ஆண் ஒருவன் கஞ்சி காய்ச்சத் தொடங்கியபின்புதான் அது பத்திரிகைக்கு வருகின்றது. இதை எழுதும்போது எனக்கே சற்று வெட்கமாயிருக்கின்றது.

வரும் மாதத்தோடு இரண்டு ஆண்டு நிறைகின்றது. பழைய மச்சையோடு, பிள்ளைப் பருவத்திலே பெற்ற தடுப்பூசிகளின் பயனும் அழிந்துவிடுகின்றபடியால், அவற்றையெல்லாம் முதலிலிருந்து மீண்டும் போட வேண்டும். ஏனையவற்றைச் சென்ற ஆண்டே தொடங்கிவிட்டார்கள். உயிருள்ள கிருமியாலான சின்னமுத்துத் தடுப்பூசியை மாத்திரம், இரண்டு ஆண்டு சென்று, மருந்துகளும் நின்று, உடம்பிலே அந்தப் போரும் ஓய்ந்தபின்பே போடலாம். வைத்தியர் சம்மதித்துவிட்டார். தாய்மார் மடியிலே பிள்ளைகளோடு காத்திருக்கும் வரிசையிலே என் மனைவியும் இருப்பார். அவருக்கு வயது 41. பிள்ளையின் பெயர் என்ன என்று எழுதுவினைஞர் கேட்பார் என்று இப்பொழுதே சிரிக்கின்றார்.

அதே நாளிலேதான் எமது மாவட்டக் குழு கூடுகின்றது என்று அழைப்பு வந்திருக்கின்றது. நான் வரமாட்டேன். வைத்தியசாலைத் தாள்கள் தமிழிலும் இருத்தல் வேண்டும் என்ற தீர்மானத்தையும், துணையாளர் லீவுக்கான சட்டத் திருத்தத்தின் நகலையும், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி பற்றிய குறிப்பையும் எழுதி அனுப்பியிருக்கின்றேன். படலைக்கு வந்த பெரியவரே அவற்றை முன்மொழிய இசைந்திருக்கின்றார். வழிமொழிவதற்கு ஒருவர் வேண்டும்.